கார் திரையில் ஒரு தட்டையான நீலகிரி

எங்கள் காரில் வழிகாட்டி இருக்கிறது. போனில் இருப்பதைச் சொல்லவில்லை. டேஷ்போர்டிலேயே பதித்து, கூடுதலாகக் காசு வாங்கிக்கொண்டு கம்பெனி கொடுத்த நேவிகேஷன். அந்தக் கூடுதல் காசை நாங்கள் கொடுக்கவில்லை, முதல் உரிமையாளர் கொடுத்தார். கோவைக்காரர். டாப் மாடல் வேண்டும் என்று வாங்கி, நன்றாக வைத்திருந்து, எங்களுக்கு விற்றார். இன்ஜினில் குறையில்லை, ஏசியில் குறையில்லை. நடுவில் இருக்கும் அந்தத் திரையோடுதான் எனக்குத் தினமும் சண்டை.

நான் பிசியோதெரபிஸ்ட். மேட்டுப்பாளையத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்தவள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், முழங்கால் மாற்றியவர்கள் எல்லாம் என்னிடம் வர முடியாது, நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கட்டபெட்டு, கக்குச்சி, ஒரசோலை, சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி என்று சுற்றுகிற வேலை. புது வீடு என்றால் போனில் வழி கேட்பேன். "இண்ட்கோ பேக்டரி தாண்டி, இலை எடை போடுற ஷெட்டுக்குப் பக்கத்துல இடது பக்கம் இறங்குங்க மேடம், பஸ் திரும்புற எடத்துல பையன் நிப்பான்" என்பார்கள். இதைவிடத் துல்லியமான முகவரி இந்த மலையில் கிடையாது. பையனும் நிற்பான்.

இதைக் காரிடம் எப்படிச் சொல்வது?

முதலில் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே திரையில் ஒரு எச்சரிக்கை வரும். ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள், சாலை விதிகளை மதியுங்கள், வரைபடம் தவறாக இருந்தால் நாங்கள் பொறுப்பில்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொட்டால்தான் அடுத்த பக்கம். நேற்றும் ஒப்புக்கொண்டேன், இன்று காலையும் ஒப்புக்கொண்டேன், மதியம் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் மாநிலம், ஊர், தெரு என்று படிப்படியாகக் கேட்கும். எங்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது போட்டவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். ஹட்டியா அட்டியா, பெட்டுவா பெட்டாவா, ஒரு டி போட்டார்களா இரண்டா என்று எழுத்துக் கூட்டிப் பார்ப்பதற்குள் எதிரில் பஸ் வந்துவிடும், வண்டியை நகர்த்த வேண்டும். நகர்ந்தவுடன் தட்டச்சுப் பலகை மங்கிப் போய்விடும். ஓடும் வண்டியில் தட்டச்சு செய்யக் கூடாது, பாதுகாப்பு. சரி, அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் என் மாமியார் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் போடக் கூடாதா? காருக்கு அவர் ஒரு ஆளாகவே தெரியவில்லை. சீட் பெல்ட் போடாவிட்டால் மட்டும் தெரிகிறது.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். பெரிய கோளாறு வேறு. அந்தத் திரைக்கு மலை என்றால் என்னவென்றே தெரியாது.

காருக்கு இடத்தைக் காட்டிக் கொடுப்பவை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள். அவை ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால்தான் நாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும். சமவெளியில், வானம் முழுக்கத் திறந்திருக்கும்போது, சுமார் 5 மீட்டருக்குள் காட்டிவிடும். கோத்தகிரி மலைப்பாதையில், குஞ்சப்பனைக்கு மேலே மலைச்சரிவை ஒட்டிப் போகும்போது பாதி வானத்தை மலையே மறைத்துக்கொள்கிறது. வருகிற சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்பிச் சுற்றி வருகிறது, அதனால் தூரக் கணக்கு கெடுகிறது. இதில் உயரக் கணக்கில் வரும் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பொதுவாக அதிகம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். அதனால் என் காரில் உள்ளது போன்ற பழைய கருவிகள் உயரத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. பக்கத்தில் எந்தச் சாலைக் கோடு இருக்கிறதோ அதன்மேல் காரை ஒட்டிவிடும்.

கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே சாலை மேலும் கீழுமாக மடிந்து கிடக்கிறது. நிற்கிற இடத்திலிருந்து எட்டிப் பார்த்தால், ஐந்து நிமிடத்துக்கு முன் கடந்துவந்த தார் நேர் கீழே தெரியும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. கார் மேல் சாலையில் ஏறிக்கொண்டிருக்கும், திரையில் உள்ள அம்பு கீழ்ச் சாலையில் இறங்கிக்கொண்டிருக்கும். உடனே அந்தப் பெண் குரல், முடிந்தால் யு-டர்ன் எடுக்கச் சொல்லும். காட் ரோட்டில், வளைவில், பின்னால் அரசு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது யு-டர்ன்!

சோலூர்மட்டம் பக்கம் ஒரு பாட்டிக்குப் பக்கவாதம். அவர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் யாருமே இல்லாத ஓர் இடத்தில், 'உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்' என்று குரல் கம்பீரமாக அறிவித்தது. இறங்கிப் பார்த்தேன். நேர் கீழே, ஒரு மொட்டை மாடியில், பாட்டியின் பேத்தி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மேல ஏன் நிக்கிறீங்க? நம்ம வீட்டுக்கு ரோடு கீழ!"

"எப்படிம்மா வர்றது?"

"வந்த வழியே திரும்பிப் போயி, கோயில்கிட்ட எறங்குங்க. இல்லன்னா வண்டிய அங்கயே போட்டுட்டுச் செடிக்குள்ள எறங்கி வந்துருங்க, பக்கம்தான்!"

காரின் கணக்கில் அது பொய் சொல்லவில்லை. மேலிருந்து பார்த்தால் நான் பாட்டி வீட்டை ஒட்டித்தான் நின்றேன். உயரத்தை விட்டுவிட்டால் நீலகிரியில் எல்லாமே எல்லாவற்றுக்கும் பக்கம்தான்.

இந்தத் தட்டைத்தனம் சாலையைத் தேர்ந்தெடுக்கும்போதும் வந்து நிற்கும். 'குறைந்த தூரம்' என்று வைத்தால் எஸ்டேட் சாலைக்குள் அனுப்பும். பாதி தூரம் போனதும் பூட்டிய கேட், பக்கத்தில் வாட்ச்மேன். "இது கம்பெனி ரோடுங்க மேடம்" என்று அவர் சொல்கிற விதத்திலேயே, இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர் என்று தெரியும். 'குறைந்த நேரம்' என்று வைத்தால் மேட்டுப்பாளையத்துக்கு நாற்பது நிமிடம் என்கிறது. 33 கிலோமீட்டர், வளைவுகள், லாரிகள், பலாப்பழ சீசனில் யானைகள். நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்கிற டிரைவரை நான் பார்த்ததில்லை, பார்த்தால் அவர் வண்டியில் ஏறவும் மாட்டேன். யானை நிற்பதை எதிரில் வருகிறவர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு, கையால் தும்பிக்கை காட்டிச் சொல்லிவிட்டுப் போவார். இந்த மலையில் அப்போதைக்கப்போது கிடைக்கும் போக்குவரத்துத் தகவல் அதுதான்.

வளைவை விடுங்கள், நீலகிரியில் சாலைக்கு என்று தனி சட்டதிட்டங்கள் இருக்கின்றன. கோடை சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகள் பர்லியார், குன்னூர் வழியாக ஏற வேண்டும், திரும்பும் வண்டிகள் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். முதுமலையைத் தாண்டி பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வண்டிகளுக்குத் தடை, 2009 இலிருந்து இருக்கிறது. என் காரின் வரைபடத்துக்கு இது எதுவுமே தெரியாது. ராத்திரி எட்டரைக்குக் கூடலூரில் நின்று மைசூர் போகக் கேட்டாலும் சந்தோஷமாகக் கோடு போட்டுக் காட்டும்.

எல்லாவற்றிலும் மோசம் கல்லட்டி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு அந்த வழியில் சுமார் 30 கிலோமீட்டர், கூடலூர் சுற்றிப் போனால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எந்தக் கருவியும் கல்லட்டியைத்தான் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டாவது கியருக்கு மாறாமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குவார்கள். பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். விழுந்தது உடனே யாருக்கும் தெரியக்கூட இல்லை. அதற்குப் பிறகு வெளி மாவட்ட வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. எங்கள் வண்டி டிஎன் 43, நீலகிரிப் பதிவு, நாங்கள் இறங்கலாம். ஆனால் திரையில் வருகிற கோட்டுக்கு எல்லா நம்பர் பிளேட்டும் ஒன்றுதான். கல்லட்டி வழி பிரிகிற தலைகுந்தாவில் போலீஸ்காரர்கள் நின்று வெளியூர் வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். சில கார்களில் அப்போதும் உள்ளேயிருந்து 'வலது பக்கம் திரும்புங்கள்' என்று குரல் வந்துகொண்டிருக்கும்.

திருப்பூரிலிருந்து என் சித்தப்பா மலர்க் கண்காட்சிக்கு வந்தார். புதுக் கார், பதித்த நேவிகேஷன். நான் முன்னாடியே சொன்னேன், "சித்தப்பா, திரும்பும்போது போலீஸ் சொல்ற வழியில வாங்க, காரு சொல்றதக் கேக்காதீங்க" என்று. "அட போ கண்ணு, போன்ல இருக்கறதுதான் கண்ட வழியில உடும். இது கம்பெனியே போட்டுக் குடுத்தது" என்றார். ஊட்டியில் போலீஸ் அவரைக் கோத்தகிரிச் சாலைக்குத் திருப்பிவிட்டது. காருக்கோ குன்னூர் வழிதான் வேண்டும். தொட்டபெட்டா சந்திப்பு தொடங்கிக் கட்டபெட்டு வரைக்கும் திரும்பு திரும்பு என்று அரற்றிக்கொண்டே வந்ததாம். சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல், சித்தி துண்டை எடுத்து ஸ்பீக்கர் மேல் போட்டு மூடியிருக்கிறார். எங்கள் வீட்டு வழியாகவே வந்ததால் மதியச் சாப்பாடு இங்கேதான். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, திருப்பூர் மழையைப் பற்றிப் பேசினார்.

போன் மேப் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். 2024 ஜனவரியில் கூடலூரில், போன் காட்டிய குறுக்கு வழியை நம்பி வந்த ஒரு பெரிய கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது செய்தியிலேயே வந்தது. யோக்கியம் இல்லைதான். ஆனால் போன் மேப்பில் தவறு இருந்தால் புகார் அனுப்ப ஓர் இடம் இருக்கிறது, பலர் அனுப்பினால் ஒருநாள் மாறிவிடும். என் காரில் இருப்பது விற்ற அன்றோடு உறைந்துபோனது. பதினைந்து வருடம் ஓடுகிற வண்டிக்குள், இரண்டு மூன்று வருடத்தில் பழசாகிற ஒரு பொருளைக் கழற்ற முடியாதபடி வைத்து அடைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான். தவறாகக் காட்டுவது எந்த வரைபடத்துக்கும் நேரக்கூடியது. திருத்த வழியே வைக்காமல் விற்பது வேறு.

அப்டேட் கேட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வரைபடம் ஒரு எஸ்டி கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டு இந்த வண்டியின் சேஸிஸ் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கிறது. அப்டேட்டை இறக்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு முதல் உரிமையாளரின் பழைய போன் எண்ணில் இருக்கிறது, அந்த எண் இப்போது அவரிடமே இல்லை. ஆர்சி புத்தகத்தில் என் கணவர் பெயர், இன்ஷூரன்ஸில் என் கணவர் பெயர், வரைபடத்துக்கு மட்டும் இன்னும் கோவைக்காரர்தான் முதலாளி. கவுண்டரில் இருந்த பையன் நல்ல பிள்ளை. புது கார்டு வாங்கலாம் என்று விலையைச் சொன்னான். அந்தக் காசுக்கு ஒரு சுமாரான போனே வாங்கிவிடலாம் என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அதத்தான் மேடம் எல்லாரும் செய்றாங்க" என்றான் மெதுவாக.

பழைய வரைபடத்தோடு கோவைக்குப் போவது தனி அனுபவம். அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஏர்போர்ட் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். நான் பாலத்தின் மேல் சிக்னல் எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருப்பேன், கார் இன்னும் கீழேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லட்சுமி மில்ஸில் இடது பக்கம் ஒதுங்கு, ஹோப் காலேஜில் வேகத்தைக் குறை என்று சொல்லிக்கொண்டே வரும். மலையில் செய்த அதே குழப்பம், மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. எங்கள் ஊரில் மட்டும்தான் அதற்குக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

தேதியும் ஒருநாள் போய்விட்டது. ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டியது. பேட்டரி பிரச்சினை என்று நினைத்து விசாரித்தால் கதை வேறு. ஜிபிஎஸ் சிக்னலில் வாரத்தை எண்ணுவதற்கு 10 பிட், அதாவது இரும எண்ணில் பத்து இலக்கம் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0. கிட்டத்தட்ட 19.6 வருடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை வந்தது, 2019 ஏப்ரலில் ஒருமுறை. கருவி செய்தவர்கள் அதைச் சரியாகக் கையாளாவிட்டால், அவர்கள் உள்ளே வைத்த கணக்கைப் பொறுத்து வேறொரு நாளிலும் தேதி பின்னோக்கிப் பாயும். 2022 ஜனவரியில் பல நாடுகளில் பழைய ஹோண்டா, அக்யூரா கார்களின் கடிகாரம் 2002 க்குப் போய்விட்டது இப்படித்தான். என் வண்டிக்கு என்ன மருந்து என்றால், அதே அப்டேட்தான். அதே கணக்கு, அதே கோவைக்காரர்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கோடநாடு சாலையில் சாயங்காலம் மிஸ்ட் இறங்கினால் பானெட்டே தெரியாது. அப்போது திரையைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வேன். அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு மடிகிறது என்பது கோட்டில் தெரியும். போனில் டவர் போனாலும் இதற்குக் கவலையில்லை, வரைபடம் உள்ளேயே இருக்கிறது. செயற்கைக்கோள் சிக்னல் அறுந்தால்கூட, சக்கரம் எவ்வளவு சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் காரின் சென்சார்களிடமே கேட்டுக் கொஞ்ச தூரம் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். கையில் இருக்கும் போனுக்கு அப்படிச் சக்கரத்தைக் கேட்கத் தெரியாது. 1981 இல் ஹோண்டா ஜப்பானில் கொண்டுவந்த முதல் கார் வழிகாட்டி இந்த முறையில்தான் ஓடியது, செயற்கைக்கோளே இல்லாமல். நல்ல சரக்குதான் உள்ளே இருக்கிறது. அதன் மேல் செத்துப்போன வரைபடத்தை ஏற்றி, பூட்டுப் போட்டு, சாவியைத் தொலைத்திருக்கிறார்கள்.

திரையைக் கழற்றிவிட்டு, போனைச் சேர்த்துக்கொள்கிற வேறு செட் போடலாமா என்று மேட்டுப்பாளையத்தில் கார் எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். பேனலைத் தட்டிப் பார்த்தார். "போடலாங்க. ஆனா ரிவர்ஸ் கேமரா இதுலதான் ஓடுது, ஏசி எவ்வளவு வெச்சிருக்கீங்கன்னு காட்றதும் இதுலதான். ஸ்டியரிங்ல இருக்கற பட்டனும் வேலை செய்யாமப் போகும். அதுக்கெல்லாம் தனியா ஒரு அடாப்டர் வரும், அது உங்க மாடலுக்குக் கெடைக்குதான்னு பாக்கணும்" என்றார். பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். செங்குத்தாக இறங்கும் வாசல்களில் ரிவர்ஸ் கேமரா இல்லாமல் எனக்கு ஆகாது. அதுவரைக்கும் குரலை அணைத்து வைத்திருக்கிறேன். அதற்கான பட்டன் மூன்றாவது மெனுவுக்குள், 'ஒலி' என்பதில் இல்லாமல் 'வாகனம்' என்பதற்குக் கீழே இருக்கிறது. சித்திக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.